பதினோராயிரம் மணி நேரம்

இந்தக் கதையில் வரும் நேரக் கணக்குகளை அப்படியே நம்ப வேண்டாம். எனக்கு இதைச் சொன்ன உலகநாதனே ஒவ்வொரு முறையும் வேறு அளவு சொன்னார். தையல்நாயகி அம்மையார் ஒரு வரைபடத்தின் முன் பேசாமல் உட்கார்ந்திருந்தது ஒருமுறை பத்து நிமிடம், இன்னொருமுறை முக்கால் மணி. கேட்டு எழுதுகிற நானும் எதையாவது கூட்டியிருக்கலாம், விட்டிருக்கலாம். நடந்தவற்றின் வரிசை மட்டும் சரி என்று நினைக்கிறேன்.

கடல் திருத்துறைப்பூண்டி வரை வந்து நின்ற பிறகு, கரையோரக் கட்டடக்கலை அலுவலகம் மன்னார்குடியில் இயங்கியது. உலகநாதன் அதன் தலைவர். காலை ஒன்பதரைக்கு இளைய கட்டடக் கலைஞர்கள் வார்ப்பறையின் முன் வரிசையில் நிற்பார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு திரை, ஒரு குரல். வரைபடத்தைத் திரையில் வைத்ததும், "தூண் இடைவெளி ஜாஸ்தி, குறைச்சுட்டு வா" என்றோ, "சரி, போடு" என்றோ மூன்றே நொடியில் அந்தக் குரல் சொல்லிவிடும். சரி என்றால் முத்திரை விழும். பிள்ளைகள் அதற்கு 'டக்கு மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். டீ ஆறுவதற்குள் ஒரு பாலமே பாஸாகிவிடும் என்பது அங்கே பழைய கேலி.

வெள்ளப் பகுதியில் எழும் எந்தக் கட்டடத்துக்கும் அனுபவமுள்ள ஓர் ஆசானின் முத்திரை வேண்டும் என்பது அனுமதி தரும் வாரியத்தின் விதி. ஆசான்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் அவர்களுடைய பேச்சையெல்லாம் ஒரு கணிப்பொறியில் கொட்டி, அவர்களைப் போலவே முடிவெடுக்கும் 'மனவார்ப்பு' செய்தார்கள். மன்னார்குடியில் இருந்தது தையல்நாயகியின் வார்ப்பு. நாற்பது ஆண்டுகள் கரையோரம் முழுக்கக் கட்டியவர் அவர். தண்ணீர் ஏறும்போது நான்கு எஃகுத் தூண்களைப் பற்றியபடி தளமே மேலே மிதந்து எழும் 'எழுகூடம்' அவருடைய யோசனை. வார்ப்பைச் செய்தவர் அவருடைய முதல் மாணவரான உலகநாதன்.

அம்மையாரின் அறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓர் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் பதினாலாயிரம் மணி நேரம். அதில் பேச்சு மூவாயிரம் மணி நேரம்தான் இருந்தது. மற்றதெல்லாம் மின்விசிறிச் சத்தம், நாற்காலி நகர்வது, பென்சில் உரசல். வெற்றிடம் வார்ப்பைக் குழப்பும் என்று கணிப்பொறி எச்சரித்தது. உலகநாதன் மூன்று மாதம் உட்கார்ந்து பதினோராயிரம் மணி நேரத்தை வெட்டி அழித்தார். சுத்தமான வேலை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முடிந்ததும் அதை நீடாமங்கலத்தில் படுக்கையிலிருந்த அம்மையாரிடம் எடுத்துப்போனார். உடம்பு ஓய்ந்திருந்தாலும் அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது. வார்ப்பிடம் ஒரு பழைய வரைபடத்தைக் காட்டினார். மூன்று நொடியில் அம்மையாரின் குரலிலேயே "சரி, போடு" என்று வந்தது. அம்மையார் உலகநாதனைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பதிலுக்காக உலகநாதன் காத்திருந்தார். நர்ஸ் மருந்துடன் வந்தாள். ஆசான் மறுக்காவிட்டால் சம்மதம் என்று படிவத்திலேயே அச்சடித்திருந்தது. உலகநாதன் அதற்குரிய கட்டத்தில் 'மறுப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தார். பத்தொன்பதாம் நாள் அம்மையார் இறந்தார்.

அடுத்த ஆண்டு நிலோஃபர் அலுவலகத்தில் சேர்ந்தாள். நாகூர் மூழ்கியபோது மன்னார்குடிக்கு வந்த குடும்பம். இருபத்தாறு வயது. அவளுடைய முதல் எழுகூடம், புதுக்கரையின் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பான சேத்தாங்குளத்துக்கு. வார்ப்பு மூன்று நொடியில் முத்திரையிட்டது. அவள் அன்று அலுவலகம் முழுவதற்கும் தம்ரூட் இனிப்பு கொடுத்தாள்.

கார்த்திகையில் வெள்ளம் வந்தது. கூடம் கணக்குப்படியே எழுந்தது. உள்ளே இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் கால்கூட நனையவில்லை. உப்பளத்தின் கோடியில் வேலை செய்த ஆறு பேர் மட்டும் பிந்தி வந்தார்கள். படிக்கட்டு தரையில் நின்றது, தண்ணீருக்கு அடியில். வாசல் நீர்மட்டத்திலிருந்தே கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் சேலைகளை முடிந்து இறக்கினார்கள். அது எட்டுவதற்குள் வெள்ளம் ஆறு பேரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

விசாரணைக்கு நான்கு நாள் முன்னால் நிலோஃபர் உலகநாதனின் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"படத்தைத் திரும்பத் திரும்பப் பாக்குறேன் சார். படி கீழ நிக்குது, கூடம் மேல போயிடுது. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஏன் தெரியல?"

உலகநாதன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மேடம் உசுரோட இருந்து, இதை அவங்க முன்னாடி வச்சிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

"எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார் உலகநாதன்.

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான், அது எவ்வளவு கொடுமையாகக் கேட்டிருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. அவளை உட்கார வைத்துத் தன் கதையைச் சொன்னார். வேதாரண்யம் இருந்த காலத்தில், அங்கே வெள்ளத்தில் மிதந்து எழும் மருத்துவமனை ஒன்றை அவர் வரைந்திருந்தார். அம்மையார் அதைப் பார்த்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பேசவில்லை. டீயில் ஏடு படிந்தது. அவருக்குப் படம் பிடித்துவிட்டது என்று உலகநாதன் முதலில் நினைத்தார். பிறகு கோபம் வந்தது, அதற்கும் பிறகு வெட்கம். வேறு வழியில்லாமல் தன் கட்டடத்துக்குள் தானே நடந்து பார்த்தார். நர்ஸாக, பிள்ளைத்தாய்ச்சியாக, கடைசியில் தாமதமாக ஓடிவரும் ஓர் ஆளாக. அந்த ஆளால் உள்ளே ஏற முடியவில்லை. பென்சிலை எடுத்து, தளத்திலிருந்து தொங்கித் தண்ணீரோடு மிதக்கும் படி ஒன்றை வரைந்தார். அப்போதுதான் அம்மையார் வாயைத் திறந்து "சரி, போடு" என்றார். கடைசியாக வருகிறவருக்காகத்தான் கட்டடத்தை வரைய வேண்டும் என்பதை அவர் யாருக்கும் வாயால் சொன்னதே இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் தாமாகவே கண்டுபிடித்தார்கள்.

"அந்தப் பதிவை வெட்டினது நான்தாம்மா. 'காட்டு'ன்னு ஒரு குரல், உடனே 'சரி, போடு'. நடுவுல நான் படி வரைஞ்சது அதுல இல்ல. படி இல்லாத கூடத்தைத்தான் மேடம் சரின்னு சொன்னதா அது படிச்சிருக்கு."

நிலோஃபர் எழுந்துகொண்டாள்.

"அங்க இதைச் சொல்லுவீங்களா சார்?"

"சொல்றேன்" என்றார்.

விசாரணை தஞ்சாவூரில் நடந்தது. ஆசானின் வார்ப்பு பிழை செய்யாது என்பது வாரியத்தின் அடிப்படை. ஆகவே வார்ப்பிடம் காட்டப்பட்டதில்தான் பிழை இருக்க வேண்டும், அதாவது வரைந்தவளிடம். வார்ப்பைச் செய்தவர் அது ஆசானைப் போல முடிவெடுக்கவில்லை என்று மறுத்தால் மட்டுமே அவள் தப்ப முடியும். விசாரணைக் குழுவின் தலைவர், உலகநாதனை அழைத்து, மறுப்பு ஏதும் உண்டா என்று கேட்டார்.

உலகநாதன் எழுந்து நின்றார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நாற்காலியிலிருந்தா, டீயிலிருந்தா, நீடாமங்கலத்தில் தன்னைப் பார்த்த அந்தப் பார்வையிலிருந்தா? அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். அதே முத்திரையில் எழுந்த நூற்று நாற்பது கட்டடங்களும் நினைவுக்கு வந்தன. சொற்களைத் தேடிக்கொண்டிருந்தாரா, பயந்துபோய் நின்றாரா என்று பிறகு அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து நிலோஃபர் அவரையே பார்த்துக் காத்திருந்தாள். அந்த அறையில் காத்திருந்தது அவள் ஒருத்திதான்.

நான்காவது நொடியில் குறிப்பெடுக்கும் இயந்திரம் திரையில் எழுதியது: மறுப்பு இல்லை.

தலைவர் அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார் உலகநாதன். எழுத்தில் கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் தலை நிமிராமல் சொன்னார். உலகநாதன் உட்கார்ந்தார்.

அன்றிரவே எழுதிக் கொடுத்தார். வெட்டியதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் அந்தப் பதினோராயிரம் மணி நேரம்தான், அது எங்கும் இல்லை. விசாரணை முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

நிலோஃபரின் உரிமம் பத்தாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. கோட்டூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறாள். அனுமதி கேட்காமல் மிதவைப் படிகள் செய்து எழுகூடங்களில் மாட்டிவிட்டு வருகிறாள். இதுவரை பதினேழு. உலகநாதனுடன் அவள் பேசுவதில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு நீடாமங்கலத்தில் தனியாக இருக்கிறார். உப்பளத்து ஆறு பேரில் நான்கு பேரின் உடல்கள் கிடைத்தன. வார்ப்பு மன்னார்குடியில் தினமும் ஒன்பதரைக்கு வேலையைத் தொடங்குகிறது. இப்போது இரண்டு நொடி போதுமாம்.