மறுமுனை

முழங்கால் அறுவை சிகிச்சை பற்றிய அறிக்கையின் நடுவில், எலும்பைச் சீவிய அளவுக்கும் தையல் போட்ட விவரத்துக்கும் இடையே, ‘கேக்குதா? ஓவர்’ என்று தட்டச்சாகியிருந்தது.

தட்டச்சு செய்தவை அவளுடைய விரல்கள்தான். மருத்துவர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவள் வேலை. பல ஆண்டுப் பழக்கத்தில் காதுக்கும் விரலுக்கும் இடையே மூளை குறுக்கிடுவதை நிறுத்திவிட்டிருந்தது. மருத்துவர் கொட்டாவி விட்டால்கூட எந்த எழுத்தை அமுக்குவது என்று விரல் தேடும். பதிவைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்டாள். மருத்துவர் மட்டும்தான் இருந்தார், வாயில் எதையோ மென்றபடி. ஓவர் என்று யாரும் சொல்லவில்லை.

அதன்பிறகு வீடு தானாக ஏதேதோ செய்யத் தொடங்கியது. வாசலில் ஆளில்லாமல் அழைப்புமணி அடித்தது. தொட்டால் எரியும் படுக்கையறை விளக்கு, யாரும் தொடாமல் எரிந்து அணைந்தது. கணினியின் ஒலிபெருக்கியிலிருந்து இருமலும் கரகரப்புமாக ஓர் ஆணின் குரல் எழுந்து, எதையோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் அடங்கியது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவன் சிரித்தான். வாடகை கொடுக்காமல் யாரோ குடிவந்துவிட்டதாகச் சொன்னான். பிறகு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு மாடியைக் காட்டினான். துணி காயப்போடும் கொடிக்கு மேலே, மீன்முள் போல ஒரு ஏரியல் நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் கப்பலில் வானொலி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொல்லும். அவள் புகார் சொல்லப் போனபோது நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சூடான தூசி வாசனையும் ஈயம் உருகிய வாசனையும் அடித்த அறையில், மேசை நிறைய இரும்புப் பெட்டிகள் மெல்ல முனகிக்கொண்டிருந்தன. மன்னிப்புக் கேட்டார். குரல் உள்ளே ஏறாமல் தடுக்க, ஒயர்களில் மாட்டக் கறுப்பு வளையங்கள் கொடுத்தார்.

“நான் கேக்கறது எதுவும் உங்க வீட்டுக்கு வராதும்மா. நான் அனுப்பறதுதான் வரும். அதுவும் பக்கத்துலேயே உக்காந்து அனுப்பறதால. அந்தப் பக்கத்து ஆள் எவ்வளவு கத்தினாலும் உங்க பெட்டிக்கு ஏறாது.”

அப்படி யாரோடுதான் பேசுகிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தாள்.

“பதில் வந்தா சொல்றேன்,” என்றார்.

வளையங்களை மாட்டியும் குரல் முழுதாகப் போகவில்லை. இனி அவள் அலையவேண்டாம், தானே பேசி முடிப்பதாகக் கணவன் சொன்னான். வேலையிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவான். ஏரியலைத் திருப்பி வைத்துப் பார்ப்பதாகவும் எர்த் கம்பியை மாற்றுவதாகவும் சொல்வான். திரும்பி வரும்போது முகம் லேசாகியிருக்கும். ஒருநாள் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தான். குழந்தை போன பிறகு அவன் பாடி அவள் கேட்டதில்லை. தனக்காகத்தானே இப்படி மெனக்கெடுகிறான் என்று அவளுக்கு மனது இளகியது. காப்பியில் அரைக் கரண்டி சர்க்கரை கூடுதலாகவே போட்டாள்.

குழந்தை ஏழாம் மாதத்தில் போயிற்று. இரத்தம் நிற்காததால் கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். குழந்தைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், இருவருமாகப் படுக்கையில் கிடந்து, வேறு யாரிடமும் சொல்லாமல். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று அவன்தான் சொன்னான், இனி அந்தப் பெயரை இந்த வீட்டில் எடுக்கவேண்டாம் என்று. அவனால் தாங்க முடியாது என்றான். அவனுக்காக அவள் அதை விழுங்கினாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அவள் குடலிறக்க நோயாளி ஒருவரின் அறிக்கையை அடித்துக்கொண்டிருந்தாள். கணவன் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தான். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகி, அறையின் மூலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு பத்தியை முடித்து நிமிர்ந்தவள் திரையைப் பார்த்தாள்.

நோயாளியின் வயதுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தது.

ஒருமுறை அல்ல. மூன்று வரிகளில் ஐந்து இடத்தில்.

ஹெட்போனைக் கழற்றினாள். மேசைமேல் இருந்த, ஒயர் இல்லாத கையடக்க ஒலிபெருக்கி கரகரத்தது. கப்பல்காரரின் குரல் இல்லை அது.

“கண்ணு, அப்பா பேசறேன். கேக்குதா? ஓவர்.”

படுக்கையறை விளக்கு எரிந்தது. அணைந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பறிகொடுத்தவளின் ஆத்திரம். அந்தப் பெயரில் பாதி அவளுடையது. எடுக்கக்கூடாது என்று அவள் வாயை அடைத்தவன், தினமும் முகம் கழுவிக்கொண்டு போய், அடுத்த வீட்டு மனிதரின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் காதுபடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் பாட்டு, அந்த லேசான முகம், எல்லாம் அங்கே செலவானதன் மிச்சம். அவள் சர்க்கரை போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

செருப்பைத் தேடினாள். போய் நேராகவே கேட்டுவிடுவது என்று.

“கேக்குதுப்பா. ஓவர்.”

ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். அப்படியே நின்றாள்.

குழந்தைக் குரல் என்று சொல்ல முடியாது. பெரியவர் குரலும் இல்லை. பேசப் பேசவே பேசக் கற்றுக்கொள்ளும் குரல். தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஒவ்வொரு எழுத்தும் வீங்கியிருந்தது. கணவனின் குரலைவிட அது பலமாக, கரகரப்பே இல்லாமல் கேட்டது.

கப்பல்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்து ஆள் எவ்வளவு கத்தினாலும் ஏறாது. பக்கத்தில் இருந்தால்தான் ஏறும். பக்கத்தில் இருந்தால்.

ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் நீட்டினாள். அலமாரியைத் திறந்து, மடித்த புடவைகளுக்கு நடுவே வைத்தாள். பேசிக்கொண்டிருந்த குரல் மங்கியது. எடுத்துக்கொண்டு நடந்தால் தெளிந்தது. கூடத்துச் சுவரோரம் வைத்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்றாள். மங்கியது. எடுத்தாள். தெளிந்தது. குளியலறை. சமையலறை. எந்த அறையிலும் அது இல்லை. எந்த அறைக்குப் போனாலும் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் கிட்ட வா கண்ணு. ஓவர்.”

“வரேன்ப்பா. இடம் பத்தல. ஓவர்.”

குரலுக்கு அடியில் ஒரு சத்தம் இருந்தது. தடக், தடக் என்று சீராக. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் வேகமெடுத்தது. அவளுடைய கழுத்து நரம்பு துடித்த அதே வேகத்தில்.

இரண்டு கையாலும் ஒலிபெருக்கியை மெல்ல இறக்கினாள். மார்பு. விலா. தொப்புளுக்குக் கீழே, தையல் தழும்பின் மேல்.

அறை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது.

சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே கப்பல்காரரின் ஜன்னல். மழைக்கு நடுவே மஞ்சள் வெளிச்சம். கணவன் மேசைமுன் குனிந்து உட்கார்ந்திருந்தான், ஒலிவாங்கியை வாயருகே வைத்து. கப்பல்காரர் அவன் தோளில் கை வைத்து நின்றார். அவன் கன்னங்கள் நனைந்திருந்தன. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அம்மாவுக்கு வலிக்குமா கண்ணு? ஓவர்.”

தடக் தடக் இன்னும் வேகமெடுத்தது. பிறகு,

“அம்மா கேட்டுட்டிருக்காங்கப்பா. ஓவர்.”

அவன் தலை நிமிர்ந்தது. மழை வழியாக இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். “என்னங்க” என்று கத்தினாள். அவனுக்குக் கேட்டிருக்கும். உதடு அசைந்ததையாவது பார்த்திருப்பான். எழுந்து ஓடி வருவான் என்று நினைத்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது. எழுந்தான். ஜன்னலருகே வந்தான்.

திரையை இழுத்து மூடினான்.

விளக்கு எரிந்தது.

“பரவாயில்ல கண்ணு. நீ வா. ஓவர்.”

ஒலிபெருக்கி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றுமே இல்லாமல் தைத்து மூடிய இடத்தில், புடவைக்கு அடியில், தோலை உள்ளிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு எழுந்தது, ஒரு சின்னக் குதிகால்.