பிடி அரிசிப் பானை

அறுப்பின் பண்டிகை அன்று காலை, அடுப்புக்கு மேலிருந்த பலகையிலிருந்து பாப்பம்மா பிடி அரிசிப் பானையை இறக்கினாள். இறக்கும்போதே அவள் முகம் கறுத்துப் போயிற்று. வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தாள். அரைப் பானையாவது இருக்க வேண்டிய அரிசி, அடியில் நாலு விரல் உயரத்துக்குத்தான் கிடந்தது.

மலைநாட்டில் இரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்கள் பதினாறு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து, தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். போட்டதைத் திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பெண்கள் பானைகளைத் தலையில் சுமந்து வரிசையாகக் கோயிலுக்குப் போவார்கள். கனத்த பானை முன்னால் போகும். பதினெட்டு வருடமாக முன்னால் போனது பாப்பம்மாவின் பானைதான். கோயிலுக்குள்ளும் அப்படியே, நற்கருணைக்கு முதல் ஆளாய் முழங்கால் போடுகிறவள் அவள்தான். அந்தப் பெருமையை அவள் பண்டிகைச் சேலையைப் போல மடித்து வைப்பதில்லை. வருடம் முழுக்க உடுத்திக்கொண்டு திரிவாள்.

ஆனால் அது எழுபத்து நான்காம் வருடம். கூப்பன் அரிசி குறைந்துபோய், மாவும் கிடைக்காமல், லயத்து வரிசை வீடுகளில் மரவள்ளிக்கிழங்கும் கீரையும் வெந்த காலம். பாப்பம்மாவின் வீட்டிலும் வாரத்துக்கு மூன்று நாள்தான் அரிசி வெந்தது. அந்த மூன்று நாளும் தவறாமல் பிடி எடுத்து வைத்தவள் மருமகள் சுந்தரம்மா. இப்போது மாமியாரின் கண் அவள்மேல்தான் திரும்பியது.

"பஞ்சத்துல குறையும்னு எனக்கும் தெரியும். இவ்வளவு குறையாது. மேட்டு லயத்துல உங்க அண்ணன் வீட்டுல அஞ்சு புள்ளைங்க... போன வாரம் அதுல ஒரு குட்டி மடியில எதையோ கட்டிக்கிட்டுப் போனாளே, அது என்னா?"

"மரவள்ளி எல, அத்தை."

"ஆண்டவருக்கு வச்சத எடுத்துப்புட்டுப் பொய் வேறயா..."

பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் உழைத்தவள் சுந்தரம்மா. விடியுமுன் பீலியில் தண்ணீர் பிடித்து, ஆறு வயிற்றுக்கு ஆக்கி வைத்து, பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடி, பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்தவள். ஒரு நாளும் 'கள்ளி' என்ற பேச்சைக் கேட்டதில்லை. யார் எடுத்தது என்று அவளுக்குத் தெரியும். அதுதான் வேதனை.

சித்திரை மாதத்தில் ஒரு விடியற்காலை. பீலியிலிருந்து குடத்தோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பாப்பம்மா முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரு கையால் பானையை அணைத்து, மறு கையால் பச்சை அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். முந்தின நாள் தன் தட்டிலிருந்த சோற்றைப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்று படுத்தவள் அவள். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். பாப்பம்மாவுக்கு ஒன்பது பறந்தும் பெருமை மட்டும் பறக்கவில்லை. யாரிடமும் கேட்டுச் சாப்பிட அவளால் முடியாது.

சுந்தரம்மா இரண்டு எட்டு பின்னால் போய், குடத்தைக் கதவில் 'ணங்'கென்று இடித்துவிட்டு உள்ளே வந்தாள். அதற்குள் பாப்பம்மா பானையை மூடிவிட்டுக் கீர்த்தனை பாடத் தொடங்கியிருந்தாள். வாய்க்குள் அரிசி இருந்ததால் ராகம்தான் வந்தது, சொல் வரவில்லை.

அன்றிலிருந்து மருமகள் ஒரு பிடிக்கு மூன்று பிடியாகப் போட்டாள். மேலே போட்ட இரண்டும் அவள் பங்குச் சோறு. அவள் கஞ்சித்தண்ணீரைக் குடித்துவிட்டு, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்று வேதத்தில் கேட்டிருந்தாள். அவள் வீட்டில் மாமியாரின் வாயும் அறியக் கூடாது என்று ஒரு வரியைத் தானே சேர்த்துக்கொண்டாள்.

பாப்பம்மாவும் வேண்டுமென்றே பழி போட்டவள் அல்ல. தான் எடுத்தது எப்போதாவது ஒரு வாய், அவ்வளவுதான் என்றே அவள் மனதார நம்பினாள். ஐந்து மாதத்து ஒருவாய்கள் சேர்ந்தால் எவ்வளவு என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அவரவர் கை அவரவருக்குச் சின்னதாகத்தான் தெரியும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

சத்தம் கேட்டு நல்லையா உபதேசியார் வந்தார். தோட்டத்துச் சபையைப் பார்த்துக்கொள்கிறவர், சாதுவான மனிதர். வீட்டில் மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் காணிக்கையோடு வர வேண்டும் என்பது வேதத்தின் ஒழுங்கு என்றார். குற்றத்தை ஒத்துக்கொண்டால் இன்றே மன்னிப்பு, இல்லாவிட்டால் சுந்தரம்மா இந்த முறை நற்கருணை எடுக்காமல் இருப்பது நல்லது என்றார். மாத்தளையிலிருந்து போதகர் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். இன்று விட்டால், அடுத்த முறை அவர் வரும்வரை பதினாறு வீட்டுக் கண்ணுக்கும் அவள் கள்ளிதான்.

கணவன் செல்லச்சாமி அவளை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கூப்பிட்டுக் கெஞ்சினான். "ஒத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு புள்ள. அம்மா மனசு ஆறிரும். எல்லாம் முடிஞ்சிரும்."

"பொய்யச் சொல்லிட்டு ஆண்டவர் பந்தியில போய்க் கை நீட்டுறதா? நான் எடுக்கல. அதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப யாரு எடுத்தா?"

அவள் திரும்பிப் போய், முகத்தைக் கழுவி, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டு வீட்டில் கிடப்பாள் என்று எதிர்பார்த்தவர்கள் முன்னால், தலை நிமிர்ந்து கோயிலுக்கு நடந்தாள்.

அன்று பாப்பம்மாவின் பானை ஒன்பதாவதாகப் போனது. கோயிலில் சுந்தரம்மா எல்லாரும் பார்க்கிற மாதிரி முன் பாயில் உட்கார்ந்தாள். போதகர் பிரசங்கத்தில் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. மனுஷ இருதயம்போல் ஏமாற்றுகிறது வேறில்லை, மனம் துடித்தாலும் மாம்சம் தளர்ந்துவிடும், ஆகையால் ஒருவரையொருவர் தாங்குங்கள் என்றார். தளர்ந்த ஒருத்தியை ஐந்து மாதமாகத் தாங்கியவள் அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

நற்கருணைக்கு அழைத்தார்கள். பானை பின்னால் போனாலும் பாப்பம்மா வழக்கம்போல் முதலில் எழுந்து போய் முழங்கால் போட்டாள். அப்பத்தை வாங்க வலது உள்ளங்கையை விரித்தாள். அந்தக் கைதான் பானைக்குள் போய் வந்த கை. விடியற்காலையில் கதவில் குடம் இடித்த சத்தம் அப்போது அவள் காதில் விழுந்தது. அன்றைக்கு முன்னால் பன்னிரண்டு வருடத்தில் சுந்தரம்மா ஒரு நாளும் குடத்தை இடித்தவள் அல்ல. அன்றிலிருந்துதான் தினமும் இடித்துவிட்டு வந்தாள்.

பாப்பம்மா கையை மூடிக்கொண்டாள். போதகர் குனிந்து நிற்க, அவள் எழுந்து திரும்பி நடந்து மருமகளின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கோயிலே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ பாத்தியா?"

சுந்தரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்துட்டுமா இவ்வளவு பேச்சு கேட்ட? அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதையும் சாப்பிட மாட்டீங்களே, அத்தை."

பாப்பம்மா அவள் கையைப் பற்றினாள். மணிக்கட்டில் இருக்க வேண்டிய வளையல் நழுவி முழங்கைவரை ஓடியது. ஐந்து மாதம் தின்றும் பானை ஏன் காலியாகவில்லை, அந்தக் கை எதனால் இப்படி இளைத்தது என்று கிழவிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வாய்விட்டு அழுதாள். மருமகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அரிசிய எடுத்துத் தின்னவ நான். பசி தாங்காமத் தின்னேன். இவ தன் சோத்தப் போட்டு எனக்காகப் பானைய நெரப்பிக்கிட்டு இருந்திருக்கா. கள்ளி நாந்தான்."

நல்லையா உபதேசியார் எழுந்து வந்து, எல்லாருக்கும் முன்னால் சுந்தரம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். செல்லச்சாமி தலை நிமிரவில்லை. யாரும் பாப்பம்மாவை ஏளனமாகப் பார்க்கவில்லை. அந்த வருடம் எந்த வீட்டுப் பானையைக் கிளறினாலும் ஏதாவது ஒரு கை அகப்பட்டிருக்கும்.

"எந்திரி. முன்னுக்குப் போ" என்றாள் பாப்பம்மா.

"நீங்க போங்க, அத்தை."

"போன்னா போ."

சுந்தரம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். முதல் ஆளாய் முழங்கால் போட்டு, இளைத்த இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீட்டினாள். பதினெட்டு வருடத்தில் முதன்முறையாகப் பாப்பம்மா தன் முறைக்குக் காத்து நின்றாள். ஆனாலும் பிறவிக் குணம் எங்கே போகும்? பக்கத்தில் நின்றவளின் காதில் குனிந்து சொன்னாள்:

"முன்னுக்கு இருக்கிறது யாரு தெரியுந்தானே? என் மருமக."