சித்தப்பாவுக்கு எவ்வளவு ஏறியது?

ஸ்கெலட்டன் லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் யாருக்குச் சம்பளம் ஏறினாலும் குழாயடியில் நின்று எல்லோருக்கும் இனிப்பு கொடுக்க வேண்டும். அந்த இனிப்பைப் பார்த்தே எவ்வளவு ஏறியது என்று லைன் முழுக்கத் தெரிந்துகொள்ளும். நெய் ஒழுகும் மைசூர்பாகு என்றால் நல்ல உயர்வு. லட்டு என்றால் பரவாயில்லை ரகம். பூந்தி என்றால், பாவம், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

அமலாவின் அப்பா முனிரத்தினம் போன வாரம்தான் மைசூர்பாகு கொடுத்தார். அவருக்கு அரசாங்க ஃபேக்டரியில் வேலை. யூனியன்காரர்கள் வருஷக்கணக்கில் பேசிப் பேசி ஒருவழியாகச் சம்பள அக்ரிமென்ட் போட்டிருந்தார்கள். கேட் பக்கத்து போர்டில் நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே யாருக்கு எவ்வளவு என்பது கறிக்கடைக்காரர் வரைக்கும் தெரிந்துவிட்டது. ஒளிக்க நினைத்தாலும் முடியாது.

அடுத்த வீட்டு சேகர் சித்தப்பாவின் சங்கதி வேறு. அவர் அப்பாவின் சொந்தத் தம்பி. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு பிரைவேட் கம்பெனியில் வேலை பார்த்தார்.

"உங்க ஃபேக்டரில சம்பளம் ஏறுறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்ண்ணா. எங்களுக்கு வருஷா வருஷம் ஏறும்" என்று அப்பாவைச் சீண்டுவார்.

"லேட்டானாலும் எங்களுக்கு அரியர்ஸோட வரும்டா. எல்லாருக்கும் ஒண்ணா வரும்" என்பார் அப்பா.

இந்த மாதம் சித்தப்பாவுக்கும் ஏறியிருந்தது. சித்தி வாய் தவறி அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஆனால் குழாயடிக்கு ஒரு பூந்திகூட வரவில்லை.

"எவ்ளோடா ஏறுச்சு?" என்று அப்பா கேட்டார்.

"ஏதோ ஏறுச்சுண்ணா" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். ஏற்கெனவே குளித்த ஈரமே அவர் தலையில் இன்னும் காயவில்லை.

அங்கே பிடித்தது சந்தேகம். குழாயடியில் எதிர்வீட்டு சரோஜம்மா குடத்தை நிரப்பியபடியே அதையும் வளர்த்துவிட்டார்.

"கொஞ்சமா ஏறியிருந்தா சொல்லியிருப்பான். வாயே தொறக்கலன்னா இன்னா அர்த்தம்? பெரிய துட்டு கீது."

சரோஜம்மா சொன்ன பிறகு அமலாவுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். சித்தப்பாவின் ஷூ பளபளவென்று மின்னியது. புது ஷூ. சித்தி பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். முன்பும் அப்படித்தான் செருகுவாரா என்று அமலாவுக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் ஒரு முறை சந்தேகப்பட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பா ஒரு மூங்கில் தட்டியை வாங்கிவந்து சுவரில் சாய்த்தார்.

"இன்னாத்துக்குப்பா தட்டி?"

"பின்னால நடுவுல கட்டப் போறேன், ஞாயித்துக்கெழம. கூடப் பொறந்தவன்கிட்டயே மறைக்கிறான். அவன் வீடு அவனுக்கு, நம்ம வீடு நமக்கு."

இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே முற்றம். நடுவில் ஒரு கொய்யா மரம். அமலாவும் சித்தப்பா மகன் பவனும் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த மரத்தில்தான் கிடப்பார்கள்.

"மரம் எந்தப் பக்கம்பா போவும்?" என்று அமலா கேட்டாள். அப்பா தட்டியை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். அவளுக்கு அழுகை வந்தது.

பவனைப் பிடித்து விசாரித்தாள்.

"கொத்தில்லக்கா. எனக்குத் தெரியாது. கேட்டா படிக்கச் சொல்றாரு" என்றான் பவன். அவனையும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கொய்யாவில் பாதியைப் பிய்த்துக் கொடுத்த பிறகுதான் விட்டாள்.

சனிக்கிழமை சித்தப்பாவுக்கு அரை நாள் வேலை. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அமலா பக்கத்திலிருந்த கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். ரயில் வந்தது. முதலில் இறங்கியவர் நாகேஷ் மாமா. சித்தப்பாவோடு அதே கம்பெனியில் வேலை செய்பவர். வீடு பக்கத்து நந்திதுர்க் லைனில்.

"மாமா, உங்களுக்கு எவ்ளோ ஏறுச்சு?"

நாகேஷ் மாமா இரண்டு பக்கமும் பார்த்தார். "அத்த வுடு. உங்க சித்தப்பாவுக்கு எவ்ளோன்னு தெரியுமா?" என்று கேட்டு, பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினார். "தெரிஞ்சிக்கினு வந்து சொல்லு. இன்னொண்ணு தரேன்."

அமலாவுக்குத் தலை சுற்றியது. இருவரும் தினமும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள். ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். அவருக்கே தெரியாதா?

நாகேஷ் மாமா நகர்ந்ததும் சித்தப்பா வந்தார். வந்தவுடன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாகேஷ் எதுனா சொன்னானா? அவனுக்கு எவ்ளோன்னு?" என்று கேட்டார்.

அமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு உங்கள கேக்குறாரு. நீங்க அவர கேக்குறீங்க. நேரா கேட்டுக்க வேண்டியதுதானே?"

சித்தப்பா சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். "எங்க கம்பெனில ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்பிட்டுச் சொல்வாங்கம்மா. வெளிய யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா வேலைக்கே ஆபத்து."

"அப்பாகிட்ட கூடவா?"

"அண்ணன் ஃபேக்டரில இதெல்லாம் மறைக்கிற பழக்கமே இல்ல. அவரு கல்மிஷமில்லாம குழாயடில சொல்லிடுவாரு. குழாயடிலேர்ந்து ரயிலுக்குப் போவும். ரயில்லேர்ந்து கம்பெனிக்குப் போவும்."

அவர் காலை நீட்டினார். அமலா ஷூவைக் கிட்டத்தில் பார்த்தாள். அதே பழைய ஷூதான். அடியில் மட்டும் புதிதாகத் தோல் வைத்துத் தைத்து, மேலே பாலிஷ் போட்டிருந்தார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. எவ்வளவு ஏறியது என்று அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை.

"அப்பா நாளைக்கு நடுவுல தட்டி கட்டப் போறாரு, சித்தப்பா."

சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போனது. "அதுக்குன்னு நான் எப்டிம்மா சொல்றது?"

அமலா சாக்லேட்டைப் பிரிக்காமல் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள்.

"கம்பெனில சொல்லக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? இனிப்பு குடுக்கக் கூடாதுன்னு சொல்லலியே. நீங்க வாயத் தொறக்காதீங்க. குழாயடில இனிப்ப மட்டும் குடுங்க."

"சிரிப்பாங்கம்மா. நான் எவ்ளோ பீத்திக்கினு இருந்தேன்."

"சிரிச்சா சிரிக்கட்டும். தட்டி கட்டுறதுக்கு அது பரவால்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா கடப்பாரையோடு பின்முற்றத்தில் குழி தோண்ட ஆரம்பித்திருந்தார். அதே நேரம் சித்தப்பா ஒரு காகிதப் பொட்டலத்தோடு குழாயடிக்கு வந்தார். அமலா ஓடிப்போய் அப்பாவை இழுத்து வந்தாள்.

சரோஜம்மா நெய் வாசனையை எதிர்பார்த்து முன்னால் வந்து நின்றார். பொட்டலம் பிரிந்தது.

கடலை மிட்டாய். அதுவும் பாதிப் பாதியாக உடைத்தது.

குழாயடியில் பூந்திக்குக் கீழே இதுவரை யாரும் இறங்கியதில்லை. சரோஜம்மா தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் மென்றார்.

அப்பா கையிலிருந்த மிட்டாய்த் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோதானாடா?"

சித்தப்பா வானத்தைப் பார்த்தார். "நான் ஒண்ணுமே சொல்லலண்ணா."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் கலங்கியது. "தப்பு என்னுதுதான்டா. நோண்டி நோண்டிக் கேட்டிருக்கக் கூடாது" என்று தம்பியின் தோளில் கை போட்டார். வீட்டிலிருந்த மிச்ச மைசூர்பாகு டப்பா அப்படியே சித்தி கைக்குப் போனது.

தோண்டிய குழியில் அப்பா அவரைக்காய் விதை ஊன்றினார். தட்டி அவரைக்கொடிக்குப் பந்தலானது. பவன் உடனே கொய்யா மரத்தில் ஏறிவிட்டான்.

மறுநாள் மாலை ஸ்டேஷனில் நாகேஷ் மாமா இன்னொரு சாக்லேட்டோடு அமலாவை நெருங்கினார். பின்னால் வந்த சித்தப்பா சரி என்று தலையாட்டினார். அமலா மிச்சம் வைத்திருந்த ஒரு கடலை மிட்டாய்த் துண்டை நீட்டினாள்.

நாகேஷ் மாமா அதைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. தன் பையைத் திறந்து, தன் லைன் குழாயடியில் கொடுக்க வாங்கிவைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதிலும் கடலை மிட்டாய்தான்.

யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து கடக்முடக்கென்று கடித்துத் தின்றார்கள்.