விடையன் கைவிரித்த கேள்வி

காலை ஆறரைக்கே தங்கை பிலோமி கேள்வியைத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, அடை மழையில ஒரு ட்ரோன் பறக்குது. கீழ எறங்காம நிக்க அதுக்கு சக்தி கூட வேணுமா, கம்மியாப் போதுமா?"

ஜெசிந்தா இட்லியைப் பிட்டபடி யோசித்தாள். அவள் வாய் திறப்பதற்குள் சுவரிலிருந்த விடையன் கருவி பதிலைச் சொல்லி முடித்துவிட்டது. பிலோமி எட்டி அதை அணைத்தாள். "இதையும் எவனோ கேட்டுத் தொலைச்சிருக்கான்."

மனிதர் என்றோ கேட்டு விடை கண்ட எந்தக் கேள்விக்கும் விடையன் நொடியில் பதில் தரும். அதனால் அவற்றைத் தேர்வில் கேட்பதை நிறுத்தி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 'முன்மாதிரி இல்லை' என்று விடையன் கைவிரித்த கேள்வி மட்டுமே பயன்பாட்டு அறிவியல் தேர்வுக்கு வரும். பழைய வினாத்தாள்களால் பயனில்லை. தெரிந்த விதியைக் கண்டிராத இடத்தில் பொருத்திப் பழகுவது ஒன்றே வழி. தூத்துக்குடிக் கடல்நீர் ஆலையில் வால்வு பார்க்கும் ஜெசிந்தா இரண்டு முறை தோற்றிருந்தாள். தேறினால் தேர்வு மையத்திலேயே விடை சொல்லும் வேலை. முப்பத்தொரு வயதில் இதுவே கடைசி வாய்ப்பு.

பத்து மணிக்குத் தேர்வுக்கூடத் திரையில் கேள்வி வந்தது.

கடலடியில், கவிழ்த்த டம்ளர் போல அடிப்பக்கம் திறந்த ஒரு வேலைக்கூண்டு. நான்கு மூலைகளிலும், உள்ளிருந்தே தளர்த்தக்கூடிய கம்பிவடங்கள் அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. உள்ளே ஆறு பேர். கூரையின் ஒரு மூலையில், அடைக்க முடியாத விரிசல். காற்று வெளியேறுகிறது, நீர் ஏறுகிறது. காற்றுக்குழாய் அறுந்துவிட்டது. பல நாள் ஆழத்தில் இருந்தவர்கள் என்பதால் நேராக மேலே நீந்தினால் அழுத்தம் சட்டெனக் குறைந்து உயிர் போகும். நீர் கூரையைத் தொட ஒன்றரை மணி நேரம். மீட்புப் படகு வர மூன்று மணி நேரம். என்ன செய்ய வேண்டும்?

அதன் கீழே வழக்கமான அந்த ஒற்றைச் சொல்: 'நிகழ்கிறது.'

யாரும் விடை காணாத கேள்வி, அன்று எங்கோ நடந்துகொண்டிருப்பதிலிருந்துதானே வர முடியும்?

ஜெசிந்தா கேள்வியை மறுபடி படித்தாள். காற்று மேலே போகும். விரிசல் மேலே இருப்பதுதான் சிக்கல். அந்த மூலை கீழே வந்து நீருக்குள் மூழ்கிவிட்டால்? எதிர்ப்பக்கத்து வடங்கள் இரண்டையும் தளர்த்தினால் அந்தப் பக்கம் மேலே எழும்பிக் கூண்டு சாயும். உயர்ந்த மூலையில் காற்று தங்கும். 'உடனே தளர்த்தவும்' என்று எழுதப் போனவள் நிறுத்தினாள். இப்போது கூண்டு நிறையக் காற்று. அது தூக்குகிற வேகத்தில் கூண்டே புரண்டுவிடும். பாதிக் காற்று போன பிறகு தளர்த்தினால்தான் மெல்லச் சாயும். அதாவது, நெஞ்சளவு நீர் ஏறும்வரை அவர்கள் சும்மா நிற்க வேண்டும்.

கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தாள்.

பத்தரைக்குக் கண்காணிப்பாளர் அங்கயற்கண்ணி வந்து அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். மேசையில் ஒரு மைக்.

"உங்க விடையத்தான் எடுத்திருக்கோம். விடையன் குரல்ல சொன்னா கூண்டுக்குள்ள இருக்குறவங்க கேக்க மாட்டேங்குறாங்க. நீங்களே சொல்லுங்க."

இதற்கு அவள் தயாராகியிருக்கவில்லை.

"யம்மா, தண்ணி தொடைக்கு வந்துட்டு," ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல் நடுங்கியது. "இப்பவே வடத்தத் தளத்துறோம்."

"வேண்டாம்ண்ணே. நெஞ்சு வரைக்கும் ஏறட்டும்."

"நீங்க இத எத்தன தடவ பண்ணிருக்கீங்க?"

"பண்ணினதில்ல. யாருமே பண்ணினதில்ல."

காற்று சீறும் சத்தத்தை மீறி அவர் கேட்டார். "பெறகு எப்படிம்மா நம்ப?"

"காத்து நெறைய இருக்கும்போது விட்டா கூண்டையே பொரட்டிரும்ண்ணே. இருக்குற காத்தும் ஒரேடியாப் போயிரும். பாதி போனாத்தான் மெதுவாச் சாயும். விரிசல் தண்ணிக்குள்ள போயிரும்."

யாரோ பின்னால் அவளைத் திட்டினார்கள். முதலில் பேசியவர் அவனை அடக்கினார். "சும்மா இருல." பிறகு அவளிடம், "எம்பேரு சவரிராயன். இங்க ஒருத்தன் குட்டை. அவனுக்கு நெஞ்சு சீக்கிரம் வந்துரும்."

"அவரத் தோள்ல தூக்கிக்கோங்க. உங்க நெஞ்சுதான் கணக்கு."

நீர் இடுப்புக்கு வந்தது. "இப்பவா?" என்றார்.

"இன்னும் இல்ல."

வயிற்றுக்கு வந்தது. யாரோ செபம் சொல்லத் தொடங்கினார்கள். "இப்ப?"

"இல்லண்ணே." அவள் குரல் உடைந்தது. அங்கயற்கண்ணி அவள் தோளைப் பற்றினார்.

"நெஞ்சுக்கு வந்துட்டும்மா!"

"இப்ப. எதிர்ப்பக்கம் ரெண்டையும் ஒண்ணா, கொஞ்சங் கொஞ்சமா."

இரும்பு முனகியது. அலறல்கள் கேட்டன. ஏதோ சரிந்து விழுந்தது. பிறகு சீறல் நின்றது.

"காத்துச் சத்தத்தக் காணும்," என்றார் சவரிராயன் மெல்ல. "தண்ணி ஏறல. ஆறு பேரும் இருக்கோம்."

அங்கயற்கண்ணி தேர்ச்சி அட்டையை நீட்டினார். ஜெசிந்தா வாங்கவில்லை. வாசலில் காத்திருந்த பிலோமி ஓடிவந்து "பாஸாக்கா?" என்றதற்கு, "அவங்க மேல வரட்டும்" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் அங்கயற்கண்ணியும் அருகே வந்து உட்கார்ந்தார்.

"நான் பாஸானப்ப மாட்டிக்கிட்டது நாலு பேரு. ரெண்டு பேருதான் உயிரோட வந்தாங்க."

"மறுநாள் எப்படி மேடம் வேலைக்கு வந்தீங்க?"

"பத்து மணிக்கு வேற யாரோ மாட்டிக்கிட்டிருந்தாங்க."

ஒன்றேகாலுக்குச் செய்தி வந்தது. ஆறு பேரும் மீட்புப் படகில், ஆழத்தின் அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்கும் அறைக்குள் இருந்தார்கள். ஒருவருக்குக் கை முறிவு. ஜெசிந்தா முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"குடுங்க மேடம். நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"