எண்பத்தைந்து காட்டிய கருவி

மூன்று சின்னக் கருவிகளை அந்தப் பெண் மேசைமேல் கொட்டியபோது நர்ஸுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவிகள். மூன்றும் புத்தம் புதுசு.

"மூணும் போச்சு டாக்டர். எங்க வீட்டுக்குள்ள வந்தா எந்த மெஷினும் உருப்படறதில்ல," என்றாள் வந்தவள். "அப்பாவுக்கு நுரையீரல்ல கோளாறு. எந்நேரமும் ஆக்சிஜன் ஓடிக்கிட்டே இருக்கு. அம்மாதான் பார்த்துக்கறாங்க. 'நல்ல ஆளுக்கே எண்பத்தஞ்சு காட்டுது, இதை நம்பி உங்கப்பாவுக்கு எப்படிடி போடறது'ன்னு ஒவ்வொண்ணையும் தூக்கிக் கடாசறாங்க. அப்பாவைக் குளிப்பாட்ட வர்ற அட்டெண்டர்தான் ஏதோ தில்லுமுல்லு பண்றான். இன்னையோட அவன் சீட்டைக் கிழிச்சிடப் போறேன்."

டாக்டர் நுரையீரல் மருத்துவர். கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தே பாதி வியாதியைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் ஆஸ்பத்திரியில் அவருக்கு 'சி.ஐ.டி.' என்று பட்டப்பெயர். அவர் மூன்றையும் நர்ஸின் விரலில் ஒவ்வொன்றாக மாட்டினார். மூன்றும் தொண்ணூற்றெட்டு என்றன; நல்ல ஆளுக்கு இருக்க வேண்டிய அளவு.

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப வீட்லதான் யாரோ விளையாடறாங்க சார்! நோயாளிகிட்டப் போயா?"

"நேர்ல பார்த்துடலாம்," என்றார் டாக்டர்.

கருவிகளை எடுத்துக்கொண்டு மகளோடு மூவருமாக அவள் வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்தது அம்மா. வாசலில் அவருடைய செருப்பு தூசி படிந்து கிடக்க, காலில் கணவரின் பெரிய செருப்பு. "வாங்க... மேல... மாடியில," என்று அழைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். பாதிப் படியில் நின்று சுவரிலிருந்த படத்தை நிமிர்த்தினார். நாலு படி ஏறி, இன்னொரு படத்தை நிமிர்த்தினார். இரண்டும் நேராகத்தான் இருந்தன. பெரியவர்களுக்கு ஆளுக்கொரு பழக்கம் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

மாடியறைக் கட்டிலில் மூக்கில் குழாயோடு அப்பா சாய்ந்திருந்தார். "வாங்க டாக்டர், மெஷினுக்கு வைத்தியம் பார்க்க வந்தீங்களா, இல்ல எனக்கா? மெஷினைவிட நான் கொஞ்சம் பழசு, பார்த்து!" என்று மூச்சு விடாமல் பேசினார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இந்தச் சூட்சுமம் நர்ஸுக்குத் தெரியும். மூச்சை எண்ணப்போகிறோம் என்று சொன்னால் எவரும் மூச்சை மாற்றிவிடுவார்கள். நாடி பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு மார்பைத்தான் கவனிக்க வேண்டும். ஆனால் டாக்டரின் பார்வை மார்பிலேயே இல்லை! அம்மா இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக் குனிந்து நின்ற ஜன்னல் பக்கம் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸுக்கு மானம் போயிற்று.

"இந்த நாற்காலியில எதுக்கு இத்தனை தலகாணி?" என்றார் திடீரென்று.

"நான்தான்... உட்கார்ந்தே தூங்குவேன்... இவரைப் பார்த்துக்கணுமே," என்றார் அம்மா.

அதற்குள் அட்டெண்டர் வெந்நீர் வாளியோடு வந்துவிட, மகள் பிடித்துக்கொண்டாள். "மூணு மெஷினை என்னடா பண்ணினே? நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தலை காட்டாதே!"

"சத்தியமா நான் தொட்டதேயில்லைக்கா," என்றான் அவன்.

"அவரை விடுங்கம்மா," என்றார் டாக்டர். "எனக்கு ஒரே சந்தேகம். எண்பத்தஞ்சு காட்டின அந்த நல்ல ஆளு யாரு?"

"யாருன்னா? அம்மாதான். மெஷின் சரியா இருக்கான்னு முதல்ல தன் விரல்ல மாட்டிப் பார்த்துட்டுத்தானே அப்பாவுக்கு..." மகள் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் ஒரு கருவியை எடுத்து அப்பாவின் விரலில் மாட்டினார். தொண்ணூற்று மூன்று. பிறகு அம்மாவிடம் கை நீட்டினார். அவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நர்ஸ்தான் மெல்லப் பிடித்து மாட்டினாள். எண்பத்து நாலு. அந்த விரல் நகம் நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"மெஷின் எதுவும் கெடலை," என்றார் டாக்டர். "மூணும் உண்மையைத்தான் சொல்லிச்சு. படுக்கையில இருக்கறவர் மூச்சு வாங்காமப் பேசறார். நிக்கறவங்களுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாப்பல வரலை. படத்தை நிமிர்த்தற சாக்குல நின்னு நின்னு மாடி ஏறினாங்க. கால் வீங்கித் தன் செருப்பு நுழையாம இவர் செருப்பைப் போட்டிருக்காங்க. படுத்தா மூச்சு முட்டும், அதான் நாற்காலி. நான் கையைப் பிடிச்சது இவருக்கு, மூச்சை எண்ணினது அவங்களுக்கு. நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அம்மா! மூணு மெஷினும் கெட்டதுன்னா நினைச்சே?" மகள் அலறிவிட்டாள்.

"முதல் ரெண்டை... அப்படித்தான் நினைச்சேன். மூணாவது வந்தப்ப... புரிஞ்சுபோச்சு." அம்மா அட்டெண்டரைப் பார்த்தார். "உன் தலையில பழி விழும்னு... நினைக்கலப்பா. மன்னிச்சுக்கோ."

"பாவி, ஏம்மா சொல்லலை? எங்ககிட்டகூடவா மறைப்பே?"

"சொன்னா... இவர் என்ன பண்ணுவார்னு... எனக்குத் தெரியும்டி."

நர்ஸ் திரும்பினாள். அப்பா தன் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றியாயிற்று. கட்டிலிலிருந்து எட்டி, அதை மனைவியிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா?" என்றார் அம்மா மகளிடம். "வேண்டாங்க... போடுங்க... சொன்னாக் கேளுங்க..."

டாக்டர் குழாயைத் திரும்ப அப்பாவுக்கு மாட்டினார். "ரெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் இருக்கு சார். சண்டை வேண்டாம்."

மகள் அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். நர்ஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். அட்டெண்டர் வாளியைக் கீழே வைத்தான். அம்மாவை நாற்காலியோடு தூக்கி, அந்தப் படங்களைத் தாண்டி மெதுவாகப் படியிறங்கினான்.