கணினிக்குள் ஒரு கணினி

மாவு மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொன்றில் இல்லை.

செல்வா ஃபோர்க்லிஃப்டை நிறுத்தினான். இறங்கவில்லை. யாரோ அசந்து தூங்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். அந்த பிஸ்கட் ஃபேக்டரியில் மூட்டைச் சந்தில் தூங்காத ஆள் யார்? அவனே தூங்கியிருக்கிறான்.

பிறகுதான் தலையைப் பார்த்தான். தலையைச் சுற்றி மாவு சிவப்பாகக் குழைந்திருந்தது.

கத்த வேண்டும் என்று தோன்றியது. சத்தம் வரவில்லை. நேற்று பகல் ஷிஃப்டு, ராத்திரி ஷிஃப்டு, இப்போது மறுபடியும் பகல் ஷிஃப்டு. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று மேனேஜர் அவனையே பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லாதவன் எதை வைத்துக் கத்துவான்?

ஹாரனில் கையை வைத்தான்.

ஆட்கள் ஓடி வரும்வரை எடுக்கவில்லை.

செத்துக் கிடந்தவன் கமலநாதன். கம்ப்யூட்டர் ஆள். ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டிக் கொடுக்க, காலையில்தான் ஜோகூர் பாருவிலிருந்து கூலாய்க்கு வந்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் தஸ்லிமா ஸ்டோர் மூலையில் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எதிர் டின்னில் செல்வா.

"அண்ணே, இன்னிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுனது நீங்க மட்டும்தானா?"

"ஆமா புவான்." மேடம் என்பதற்கு மலாயில் புவான்.

"இவரை இடிச்சீங்களா?"

செல்வா யோசித்தான்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"இடிச்ச ஞாபகம் இல்ல. இடிக்காத ஞாபகமும் இல்ல. காலையில இருந்து எதைத் தூக்குனேன், எங்க வெச்சேன்... ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

"போலீஸ்கிட்ட யாரும் இப்படிப் பேச மாட்டாங்கண்ணே."

"தூக்கம் வந்தா பேசுவாங்க புவான்."

தஸ்லிமா அவன் கண்களைப் பார்த்தார். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத கண்கள்.

உள்ளே போட்டுவிட்டால் மகள் பிரவீனாவுக்கு யார் இருக்கிறார்கள் என்று செல்வா நினைத்துப் பார்த்தான். தாயில்லாத பெண். அடுத்த மாதம் பரீட்சை. நினைப்பு வந்தது. ஆனால் வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது.

மேனேஜர் ரூபேந்திரன் வந்தார். கையில் ஐஸ் மைலோ. அதை செல்வாவிடம் நீட்டினார்.

"குடிடா. புவான், இவன் பாவம். வேணும்னு செய்யுற ஆள் இல்ல. கமலநாதன் வேலைய முடிச்சிட்டு இந்த வழியாதான் கார் எடுக்கப் போனாரு. இவன் கண்ணு சொருகி ஓட்டியிருப்பான்."

"கேமரா?"

"கம்ப்யூட்டர் மாத்துறோம்ல, இன்னிக்கு எல்லாமே ஆஃப். அடுப்பு லைன்கூட நிப்பாட்டியாச்சு." செல்வாவின் தோளைத் தட்டினார். "ஒத்துக்க லா செல்வா. ஆக்சிடென்ட்னு போயிடும். லாயர நான் பார்த்துக்குறேன்."

ஒத்துக்கொண்டால் லாக்கப்பில் போடுவார்கள். லாக்கப்பில் தரை இருக்கும். தரையில் படுக்கலாம்.

"இடிச்சிருப்பேன் புவான்," என்றான் செல்வா.

தஸ்லிமா அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"என்ன வேலைய முடிச்சாரு அவரு?"

"அடுப்புச் சூட்டைப் பார்த்துக்க ஒரு புரோகிராம் இருக்கு புவான். பழைய விண்டோஸ்லதான் ஓடும். அதனால அந்தப் பழைய கம்ப்யூட்டரையே முழுசா ஒரு ஃபைலாக்கி, ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரா வெச்சிருந்தோம். வர்ச்சுவல் மெஷின்னு சொல்வாங்க. இப்ப அந்த ஃபைலை அப்படியே தூக்கிப் புதுசுல போட்டாரு."

"போட்டதும் வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது."

"மெதுவாவா?"

"சேச்சே. பறந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். கை குடுத்தேன். அப்புறம்தான் கிளம்புனாரு."

தஸ்லிமா எழுந்தார்.

"எனக்கும் காட்டுங்க. அண்ணே, நீங்களும் வாங்க."

ஸ்டோரிலிருந்து ஆபீஸுக்கு ஓர் இரும்புப் படிக்கட்டு. செல்வா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். காலுக்குக் கீழே படி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துதான் வைக்க வேண்டியிருந்தது.

மேசையில் புதுக் கம்ப்யூட்டர். தட்டு மாதிரி மெல்லிசு. ரூபேந்திரன் உட்கார்ந்து மவுஸைத் தட்டினார்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே பெட்டி.

தஸ்லிமா குனிந்து இங்கிலீஷில் படித்து, தமிழில் சொன்னார்.

"இந்த வர்ச்சுவல் மெஷின் வேற வகை ப்ராசஸருக்குச் செஞ்சது. இந்தக் கம்ப்யூட்டர்ல திறக்க முடியாதுன்னு போட்டிருக்கு."

"போலீஸ் ஆளுங்க எதையோ தொட்டுட்டாங்க போல..."

"இந்த ரூமுக்கே நாங்க இப்பதான் வர்றோம்."

தஸ்லிமா நிமிர்ந்தார்.

"சார், எங்க வீட்டுக்காரர் தெப்ராவ்ல சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காரு. அங்க பில்லு போடுறதும் இதே கதைதான், கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டர். போன வருஷம் இதே மாதிரி புதுசு வாங்குனாரு. அழகா இருக்கு, சூடே ஆக மாட்டேங்குது. ஆனா உள்ள இருக்குற ப்ராசஸர் வேற. பழசு பேசுன பாஷை இதுக்குப் புரியாது. பழைய ஃபைலு திறக்கவே இல்ல."

"வேற வழி இருக்குன்னு கமலநாதன் சொன்னாரு..."

"இருக்கு. கோர்ட்ல ஜட்ஜ் மலாய்ல கேப்பாரு, பக்கத்துல ஒருத்தர் நின்னு நமக்குத் தமிழ்ல சொல்வாரே. அந்த மாதிரி ஒவ்வொரு வார்த்தையா மாத்திச் சொல்ற புரோகிராம். கடையில அதையும் போட்டுப் பார்த்தோம். பில்லு வெளிய வர்றதுக்குள்ள, சாப்பிட்டவருக்கு மறுபடியும் பசி எடுத்துடுச்சு."

தஸ்லிமா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"பறந்துச்சுன்னு சொன்னீங்களே... எது பறந்துச்சு?"

ரூபேந்திரன் திரையையே பார்த்தார். அந்தப் பெட்டி போகவில்லை.

"பழைய கம்ப்யூட்டரை எல்லாம் காலையிலேயே இரும்புக் கடைக்கு ஏத்தி விட்டுட்டேன்," என்றார். குரல் தட்டையாக வந்தது. "சிங்கப்பூர் பாஸுக்கு வேலை முடிஞ்சதுன்னு மெசேஜும் போட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்து சொல்றான், இதுல ஓடாது சார்னு. பழசைக் கொண்டாங்கன்னு கேக்குறான். எங்கேருந்து கொண்டாறது? பாஸ்கிட்ட நானே பேசிக்கிறேன்னு போனை எடுத்துக்கிட்டு வெளிய போனான். படியில வெச்சுப் போனைப் பிடுங்கத்தான் போனேன்..."

"தள்ளிட்டீங்க."

"விழுந்துட்டான்."

"விழுந்தவரை இழுத்துட்டுப் போயி இந்த அண்ணன் வண்டி வர்ற வழியில போட்டீங்க."

கமலநாதனின் இன்னொரு ஷூ எங்கே என்று தேட தஸ்லிமா ஒரு போலீஸ்காரரை அனுப்பினார். மேசைக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையிலேயே கிடைத்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். வேலை முடியல, நாளைக்கு வர்றேன்னு கிளம்பிட்டாருன்னு நீங்க சொல்லியிருந்தா, நான் மாடி ஏறியிருக்கவே மாட்டேன். இந்த அண்ணனும் ஒத்துக்கிட்டாரு. ஏன் சொல்லல?"

ரூபேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். இதுகூடவா புரியவில்லை என்கிற பார்வை.

"வேலை முடியலன்னு தெரிஞ்சா பாஸ் என்னைத் தூக்கிடுவாரு புவான்."

கையில் விலங்கு மாட்டும்போதும் அவர் தன் போனைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கீழே கூட்டிப்போனார்கள். செல்வா நின்ற இடத்திலேயே நின்றான்.

"அப்ப நான் இடிக்கலையா புவான்?"

"இல்லண்ணே."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். நீங்க பெத்த புள்ளை மேல சத்தியம் பண்ணலாம்."

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அதற்கும் எங்கிருந்தாவது தெம்பு வர வேண்டும் போலிருக்கிறது. கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. அது அழுகையா, தூக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"வீட்டுக்குப் போயித் தூங்குங்கண்ணே."

"ஷிஃப்டு இன்னும் முடியல. பாதியில போகணும்னா மேனேஜர்கிட்ட கேக்கணும்."

தஸ்லிமா ஜன்னல் வழியாகக் கீழே நின்ற போலீஸ் வண்டியைப் பார்த்தார்.

"கதவை இன்னும் சாத்தல. சீக்கிரம் போயிக் கேட்டுட்டு வந்துடுங்க."