புள்ளி விழாத இருக்கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஜவாத் பின்வாசலில் வந்து நின்று காலணியைக் கழற்றினான். "போட்டுக்கிட்டே வா, தரை ஐஸா இருக்கு" என்றாள் மெர்ல் ட்ரெகென்சா. அவன் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஜூலைக் குளிரில் காலுறையோடு உள்ளே வந்து, எந்த நேரமும் எழுந்து போய்விடுபவனைப் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

மூன்று வீடு தள்ளி இருப்பவன். டெஸ்பினாவின் கார் சுத்தம் செய்யும் கொட்டகையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறான். மர்ரே பிரிட்ஜ் ஊரில் காரின் உட்புறத்தை அவனைவிடச் சுத்தமாகத் துடைக்கும் ஆள் இல்லை என்று பேச்சு.

"மிஸ் மெர்ல், நீங்க காப்பீட்டுக் கம்பெனியில எது விபத்து, எது பித்தலாட்டம்னு பார்த்துச் சொல்ற வேலையில இருந்தீங்களாமே?"

"முப்பத்தோரு வருஷம்" என்றாள் மெர்ல். ஓய்வு பெற்று ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தேவாலயத்துக்குக் கேக் கொண்டு வருவாயா என்றுதான் கேட்பார்கள்.

பக்கத்து வீட்டு கிளெனிஸ் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் இருபது வருடம் நின்றவள். எந்தப் பிள்ளை எதைத் திருடியது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வாள். "தம்பி, ஒண்ணு விடாம முதல்லேர்ந்து சொல்லு."

ஜவாத் சொன்னான். டெஸ்பினா புதிதாக ஒரு நீராவி இயந்திரம் வாங்க நினைத்து, இரண்டைப் பார்வைக்கு வரவழைத்திருந்தாள். பெரியது, தண்ணீர் ஊற்ற ஊற்ற நிற்காமல் ஓடும். சின்னது, ஒரு கொதிகலன் அளவு ஊற்றி மூடி, சூடாகும்வரை பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை விற்பனைக்காரர் கிரெக் வந்து இரண்டையும் ஓட்டிக் காட்டினார். அந்த நேரம் பார்த்து நோரீன் தன் கணவர் லெஸ்ஸின் பழைய வேனைச் சுத்தம் செய்ய விட வந்தாள். லெஸ் இறந்து மூன்று மாதம். வேனை விற்கப் போகிறாளாம். கிரெக் அதன் ஓட்டுநர் இருக்கையில் ஒரு சாண் இடத்தில் மட்டும் சின்ன இயந்திரத்தின் ஆவியைப் பிடித்துக் காட்டினார்.

"ஆவி பட்டதும் அந்த இடத்துலேர்ந்து சுருட்டுப் புகையிலை, ஆட்டு ரோமக் கொழுப்பு வாசனை குப்புன்னு எழும்பிச்சு. லெஸ் கம்பளி தரம் பிரிக்கிறவரா இருந்தாரு இல்லையா? பழைய வாசனை அப்படித்தான், ஆவி பட்டா ஒரு தடவை எழும்பும். அப்புறம் போயே போயிடும். எந்தத் தண்ணி வேணாலும் ஊத்தலாம்னு கிரெக் சொன்னாரு. எல்லாரும் கிளம்பினோம். டெஸ்பினா கொட்டகையோட மாத்துச் சாவியை வழக்கம்போல எங்க கண்ணு முன்னாலயே வெளி மீட்டர் பெட்டிக்குள்ள தொங்கவிட்டாங்க."

சனிக்கிழமை காலை டெஸ்பினா வந்து பார்த்தால், வேனின் உள்ளே கருநீலத் துணியெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. ஓட்டுநர் தலைக்கு மேலே கூரைத் துணி பசை விட்டுத் தொங்குகிறது. சின்ன இயந்திரம் பக்கத்திலேயே கிடக்கிறது. கொட்டகைக்கு முதலில் வருகிறவன் எப்போதும் ஜவாத்தான் என்பதால் பழி அவன் மேல் விழுந்தது.

"நாளைக்குக் காலையில வந்து என்கிட்ட இருக்கிற கொட்டகைச் சாவியைக் கொடுத்துட்டுப் போன்னுட்டாங்க" என்றான். "இந்த ஊர்ல ஒருத்தர் என் கையிலேர்ந்து சாவியைத் திருப்பி வாங்கிட்டா, அப்புறம் யாரும் என்னை நம்பிக் கார்ச் சாவி தர மாட்டாங்க, மிஸ் மெர்ல். எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். யாரு செஞ்சாங்கன்னு வேண்டாம். நான் செய்யலைன்னு மட்டும் டெஸ்பினாவுக்குப் புரியணும்."

"யாருன்னு தெரிஞ்சாத்தானே நீ இல்லைன்னு ஆகும்?" என்றாள் கிளெனிஸ்.

"வேண்டாம்" என்றான் அவன் மறுபடியும். பயந்த சுபாவம் என்று மெர்ல் நினைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் மெர்லும் கிளெனிஸும் கொட்டகைக்குப் போனார்கள். டெஸ்பினா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் என்ன, போலீஸா? அவன் நல்ல பையன்தான், இல்லைங்கல. கை தவறிப் போச்சுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். நான் தொடவே இல்லைன்னு சாதிக்கிறான் பாரு, அதுதான் ஆத்திரம்."

"நோரீன் என்ன சொன்னா?" என்று கேட்டாள் மெர்ல்.

"அவ ஒண்ணும் சொல்லல. போன்ல சொன்னேன். பரவாயில்ல, விட்டுடுன்னா. புருஷன் வேனு நாசமாயிருக்கு, பரவாயில்லையாம்! நாளைக்குக் காலையில வந்து எடுத்துட்டுப் போறேன்னா."

மெர்ல் வேனின் கதவைத் திறந்தாள். வேலைக் காலத்தில் எரிந்த வீடுகளுக்குள் போகும்போது வரும் அதே அமைதி, இத்தனை வருடம் கழித்தும் தப்பாமல் வந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. சாம்பல் நடுவே நின்று சந்தோஷப்படுகிறோமே என்று முன்பெல்லாம் ஒரு உறுத்தல் இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

நான்கு கண்ணாடியும் ஏற்றியே இருந்தன. உட்பக்கம் ஆவி வழிந்து காய்ந்த கோடுகள். தரை விரிப்பில் சேறு அப்படியே. அதை யாரும் தொடவில்லை. ஓட்டுநர் இருக்கை, அதன் தலைசாய்ப்பு, மேலே கூரை, எல்லாவற்றிலும் புள்ளி. ஒரு புள்ளியை நகத்தால் சுரண்டினாள், சுண்ணாம்பாக உதிர்ந்தது. பிறகு வெகுநேரம் இடப்பக்கத்து இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிரெக்தான்" என்றாள் கிளெனிஸ், காரில் ஏறியதும். "பெரிய மிஷின்ல அவனுக்குக் காசு ஜாஸ்தி. சின்னதுக்குக் கெட்ட பேர் வர வச்சுட்டான். எழுதி வச்சுக்கோ."

"நாளைக்கு எல்லாரையும் ஒண்ணா நிக்க வைக்கணும், கிளெனிஸ்."

"அப்படிப் போடு! புத்தகத்துல வர்ற மாதிரியே!"

அன்று இரவு மெர்ல் நன்றாகத் தூங்கினாள். பின்னாளில் அவளை அதிகம் வருத்தியது அந்தத் தூக்கம்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேனைச் சுற்றி நின்றார்கள். கிரெக் இயந்திரங்களை எடுத்துப் போக வந்திருந்தார். நோரீன் கம்பளிச் சட்டையின் கையை விரல் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். ஜவாத்தின் உள்ளங்கையில் சாவி தயாராக இருந்தது.

"முதல்ல இந்தப் புள்ளி" என்று மெர்ல் ஆரம்பித்தாள். "இது சுண்ணாம்பு. நம்ம ஊர்க் குழாய்த் தண்ணியைக் காய்ச்சினா கெட்டில்ல எப்படி வெள்ளை படியும்னு எல்லாருக்கும் தெரியும். டெஸ்பினா, நீ இங்கே எந்தத் தண்ணி ஊத்துவே?"

"மழைத் தொட்டித் தண்ணிதான். வேற எதையும் மிஷின் கிட்டயே கொண்டு போக விடமாட்டேன்."

"ஜவாத்?"

"நான் குடிக்கிறதே அதைத்தான்."

"தொட்டி நிரம்பி வழியுது. அதை விட்டுட்டுக் குழாயைத் திறந்தவங்களுக்கு உன் சட்டம் தெரியாது. அதோட அவங்க பத்து நிமிஷம் காத்திருக்கவும் இல்லை. சூடேறாத மிஷின் ஆவியோட தண்ணியையும் சேர்த்துத் துப்பும். ஜவாத் இந்த ரெண்டு வருஷத்துல உன் பழைய மிஷின்ல ஒரு நாளாவது சூடேறக் காத்திருக்காம பிடியை அழுத்தியிருக்கானா?"

டெஸ்பினாவின் கட்டியிருந்த கைகள் மெல்ல இறங்கின. "இல்ல" என்றாள். ஜவாத்தைப் பார்த்தாள். "இல்லடா, நீ அப்படிச் செய்ய மாட்டே. எனக்கு ஏன் இது தோணல?"

ஜவாத் பெருமூச்சு விட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான். "போதும், மிஸ் மெர்ல். ரொம்ப நன்றி" என்றான்.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"இரு, பாதிதான் முடிஞ்சிருக்கு" என்றாள் மெர்ல். கிளெனிஸின் கண்கள் பளபளத்தன.

"அதானே! கிரெக், நீங்க எங்கேயும் போயிடாதீங்க!"

"நான் வெள்ளிக்கிழமை ராத்திரி அடிலெய்டுல, என் மாமியார் வீட்டு விருந்துல இருந்தேங்க. அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேண்டாம்" என்றார் கிரெக்.

"இவர் இல்லை. இவர் சூடேறக் காத்திருப்பாரு, மிஷின் இவர் குழந்தை மாதிரி" என்றாள் மெர்ல். "ஆவி பிடிக்கிறவங்க எல்லாக் கதவையும் திறந்து போட்டுத்தான் வேலை செய்வாங்க, ஈரம் வெளியே போகணுமில்லையா? இங்கே நாலு கண்ணாடியும் மூடியிருந்துச்சு. சேறு அப்படியே இருக்கு. ஆக, வந்தவங்க சுத்தம் செய்ய வரல. உள்ளேர்ந்து எதுவோ வெளியே போயிடக் கூடாதுன்னு கண்ணாடியை ஏத்தினாங்க. ஓட்டுநர் உட்கார்ந்த இடத்துலயும் அவர் தலைக்கு மேலயும் மட்டும் ஆவியைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க, பசை விடுற அளவுக்கு. ஏன்னா வெள்ளிக்கிழமை அந்த இடத்துலேர்ந்து எழும்பினது..."

கோர்வையாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. தன் குரலில் பழைய திடம் திரும்பியிருப்பதைத் தானே கேட்டபடி அவள் இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

"கடைசியா இதைப் பாருங்க. எங்கே பார்த்தாலும் புள்ளி, இந்த ஒரு இருக்கையில மட்டும் இல்லை. முதுகு, தோள், உட்கார்ற இடம், ஒரு ஆள் உருவத்துக்குச் சுத்தமா இருக்கு. ஏன்னா இங்கே ஒருத்தர் உட்கார்ந்திருந்தாங்க. வேன்ல தனியா இருக்கும்போதும், ஓட்டுநர் இடம் காலியா இருக்கும்போதும், அதுல உட்காராம பக்கத்து இருக்கையில வந்து உட்கார..."

சொல்லிக்கொண்டே திரும்பியவள் நோரீனின் முகத்தைப் பார்த்தாள். வாக்கியம் நின்றுவிட்டது. ஆனால் முடிக்க அதில் மிச்சம் எதுவும் இல்லை.

"நாப்பத்தினாலு வருஷம் அங்கேதான் உட்கார்ந்தேன்" என்றாள் நோரீன். சட்டைக் கை விலகி, வலது மணிக்கட்டில் ஆவி சுட்ட சிவப்புத் தெரிந்தது. "நான்தான் கழுவி விட்டுடணும்னு கொண்டு வந்தேன். வீட்டுல அந்த வாசனையோட இருக்க முடியல. வெள்ளிக்கிழமை இவர் ஒரு சாண் இடத்துல வச்சுக் காட்டினாரே, லெஸ் கதவைத் திறந்து உள்ளே வந்த மாதிரி இருந்துச்சு. அப்படியே போயிடுச்சு. இன்னொரு தடவைன்னு விடிகாலையில வந்து, மீட்டர் பெட்டிச் சாவியை எடுத்துத் திறந்தேன். ஒரு இடத்துல போனா அடுத்த இடத்துல இருக்கும், அடுத்த இடத்துலன்னு..." கொஞ்சம் நிறுத்தினாள். "மொத்தத்தையும் நானே தீர்த்துட்டேன். இப்போ ஈரத்துணி வாசனைதான் வருது."

கிளெனிஸ் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வேலை போகப் போகுதுன்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் நோரீன், ஜவாத்திடம். "யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேன்."

"தெரியும்மா" என்றான் அவன். "அந்த இருக்கையை நான் சனிக்கிழமையே பார்த்தேன்."

மெர்ல் அவனைப் பார்த்தாள். யாரு செஞ்சாங்கன்னு வேண்டாம். இரண்டு தடவை சொன்னான். அவள் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டாள். நோரீன் வீட்டுச் சமையலறை, இங்கிருந்து நான்கு நிமிட நடை. கதவைத் தட்டி, ஒரு கோப்பைத் தேநீருக்கு நடுவே முடித்திருக்கலாம். அப்படி முடித்திருந்தால் அவள் துப்புத் துலக்கிச் சொல்வதைக் கேட்க இத்தனை பேர் இருந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் முடிக்கவில்லை என்பது அவளுக்கு இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

டெஸ்பினா போய் நோரீனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கூரையை நாங்க ஒட்டித் தர்றோம். அழாதே. அழறதுன்னா உள்ளே வந்து அழு, காப்பி போடுறேன்." போகிற போக்கில், பேச்சை மாற்றவோ என்னவோ, ஜவாத்தைப் பார்த்துக் கேட்டாள்: "கிரெக் எவ்வளவு நேரம்தான் நிப்பாரு? எந்த மிஷின்னு நீயே சொல்லு."

"சின்னதுதான்" என்றான் ஜவாத்.

"அது சூடேறப் பத்து நிமிஷம் ஆகுமே?"

"ஆகட்டும். அதுக்குள்ள யாராவது வேண்டாம்னு நினைச்சா, நிறுத்தறதுக்கு நேரம் இருக்கும்."

அவன் மெர்லைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மழைத் தொட்டிப் பக்கம் போனான். மெர்ல் திறந்துவைத்த இடப்பக்கக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. அவள் அதைச் சத்தம் வராமல் சாத்தினாள்.